செயலுக்கு முன் ஒரு நிறுத்தம்: அந்த இடைவெளியில் நடப்பது என்ன?

பழவேற்காடு ஏரியின் தென்பகுதி தமிழ்நாட்டிலும் மற்றது ஆந்திரத்திலும் கிடக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை என்று தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் புழங்கும் இந்தப் பகுதியில், ராக்கெட் ஏவப்படும் நாள் எது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். மீனவர்களுக்கு அன்று கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வந்துவிடும். கரையிலும் மொட்டைமாடிகளிலும் கூட்டம் சேர்ந்துவிடும்.

2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்குச் சந்திரயான்-2 கிளம்புவதாக இருந்தது. 56 நிமிடம் 24 வினாடி மீதமிருந்தபோது, தொழில்நுட்பக் கோளாறு ஒன்று தென்பட்டதால் கவுன்ட்டவுன் நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்கு அதே ராக்கெட் ஒழுங்காகக் கிளம்பியது. இப்படி ஒரு ஏவுதல் நிறுத்தப்படும்போதெல்லாம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் "ஃபெயிலாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு கலைவதுதான் வழக்கம். நின்றது என்றால் தோற்றது என்று பொருள் கொள்ளும் பழக்கம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அதற்கு நேரெதிரான பேச்சும் உண்டு: அமைதியாக இரு, மனத்தை அடக்கு, எல்லாம் தானாகச் சரியாகும் என்ற பொதுவான அறிவுரை. இரண்டு பேச்சுமே நிறுத்தத்தைப் பற்றிச் சரியாக எதையும் சொல்வதில்லை. நிற்கும் அந்தச் சிறு நேரத்தில் மூளையிலும் உடலிலும் உண்மையில் என்ன நடக்கிறது, எப்போது அது பயன் தருகிறது, எப்போது தருவதில்லை என்பதைப் புதிதாகக் கேட்பவருக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## எதை நிறுத்தம் என்கிறோம்

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரேமாதிரி தெரியும் நான்கு நிலைகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்ய வேண்டியதை நாளைக்கு என்று ஒதுக்கி வைப்பது தள்ளிப்போடுதல். அப்போது மனம் அந்த வேலையிலேயே இல்லை. எது சரி என்று தெரிந்தும் செய்ய மனம் வராமல் நிற்பது தயக்கம். அச்சத்தில் கையும் காலும் ஓடாமல் போவது உறைந்துபோதல். அதில் நம் விருப்பம் எதுவும் இல்லை. இந்த மூன்றும் இக்கட்டுரையின் பொருள் அல்ல.

இங்கே நிறுத்தம் என்று சொல்லப்படுவது இதுதான்: ஒரு செயலுக்கு எல்லா வகையிலும் தயாராக இருந்துகொண்டே, குறிப்பிட்ட ஒன்றைப் பார்த்து உறுதி செய்யும்வரை, அந்தச் செயலை வேண்டுமென்றே தொடங்காமல் வைத்திருக்கும் அளவான நேரம். இந்த வரையறையில் மூன்று சொற்கள் முக்கியமானவை. 'தயாராக' என்பது இதைத் தள்ளிப்போடுதலிலிருந்து பிரிக்கிறது. 'வேண்டுமென்றே' என்பது உறைந்துபோதலிலிருந்து பிரிக்கிறது. 'குறிப்பிட்ட ஒன்றை' என்பது தயக்கத்திலிருந்து பிரிக்கிறது. ஏனென்றால் தயங்குபவரிடம் எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது, நிறுத்தத்தில் இருப்பவரிடம் கேட்டால் உடனே வரும். அன்று அதிகாலை ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தவர்களிடம் அந்தப் பதில் இருந்தது.

## தராசில் எண் நிற்கும்வரை

பழவேற்காட்டில் இறாலும் நண்டும் எடை போடும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். கூடையை எலக்ட்ரானிக் தராசில் வைத்தவுடன் எண்கள் ஓடத் தொடங்கும். நீர் சொட்டுகிறது, கட்டிவைத்த நண்டு அசைகிறது, கூடையை வைத்த கையின் அழுத்தம் இன்னும் முழுதாக விலகவில்லை. ஆகவே திரையில் வரும் எண் மேலும் கீழுமாகத் தாவுகிறது. முதலில் தெரிந்த எண்ணைப் படித்துக் கணக்கெழுதினால், விற்பவருக்கோ வாங்குபவருக்கோ நட்டம். "நம்பர் நிக்கட்டும்ண்ணே" என்று யாராவது ஒருவர் சொல்வார். சில வினாடிகளில் எண் ஓரிடத்தில் நிற்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் எடை மாறப்போவதில்லை.

மூளை ஒரு முடிவுக்கு வரும் முறையும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி ஒருபோதும் சுத்தமாக வருவதில்லை. தேவையற்ற ஏற்ற இறக்கங்கள் அதில் கலந்தே வருகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை ஆய்வாளர்கள் 'இரைச்சல்' என்கிறார்கள். காதால் கேட்கும் சத்தத்தை மட்டும் இச்சொல் குறிப்பதில்லை. பொருளில்லாமல் மாறிக்கொண்டிருக்கும் எல்லாச் செய்தியும் இரைச்சல்தான். ஒரு முடிவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்கும் செய்திக்குச் 'சான்று' என்று பெயர். மூளை சான்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. சேர்ந்த தொகை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டவுடன் முடிவு பிறக்கிறது. அந்த அளவுக்கு 'வரம்பு' என்று பெயர். உளவியலாளர் ரோஜர் ராட்கிளிஃப் 1978-இல் இந்தக் கருத்தைக் கணித வடிவில் முன்வைத்தார். மனிதர் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறார், எவ்வளவு தவறு செய்கிறார் என்ற இரண்டையும் ஒரே கணக்கில் விளக்க அது இன்றுவரை பயன்படுகிறது.

வரம்பு தாழ்வாக இருந்தால் முடிவு வேகமாக வரும், ஆனால் இரைச்சலே வரம்பைத் தொட்டுவிடக்கூடும். உயரமாக இருந்தால் மெதுவாக வரும், தவறு குறையும். அவசரப்படும்போது நாம் உண்மையில் செய்வது, சிந்தனையை வேகப்படுத்துவது அல்ல. வரம்பைத் தாழ்த்திவிடுகிறோம், அவ்வளவுதான். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. அவசரத்தில் மூளை கூர்மையாகிறது என்ற நம்பிக்கைக்குப் பின்னால், குறைந்த சான்றோடு முடிவெடுத்துவிட்டோம் என்ற உண்மை ஒளிந்திருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சான்றைச் சேர்க்கத் தொடங்கும் நேரத்தையே சற்றுத் தள்ளி வைக்கலாம். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முடிவெடுக்கும் வேலையைத் தொடங்குவதையே 50 முதல் 100 மில்லி வினாடி தாமதப்படுத்தினால், கவனம் தேவையான செய்தியின்மேல் குவிய நேரம் கிடைத்து முடிவின் துல்லியம் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி வினாடி; ஆகவே இது கண் இமைக்கும் நேரத்தைவிடவும் குறைவு. நிறுத்தம் என்றவுடன் மணிக்கணக்கில் கண்மூடி உட்கார்ந்திருப்பதை நினைப்பவர்கள் இந்த அளவைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வரும் செய்தியில் இரைச்சல் கலந்திருக்கிறது, சான்று சேர்ந்து வரம்பைத் தொடும்போது முடிவு பிறக்கிறது, சான்று இன்னும் வந்துகொண்டிருக்கும் வரையில்தான் நிறுத்தத்தால் பயன். எண் நின்ற பிறகும் தராசையே பார்த்துக்கொண்டிருப்பது வெறும் காலவிரயம்.

## மூளைக்குள் இருக்கும் தடை

சான்று சேர்வதற்கு முன்பே கை பாய்ந்துவிடாமல் எது தடுக்கிறது? மூளையின் ஆழத்தில், இரு பக்கமும், ஓர் அவரை விதையைவிடச் சிறிய நரம்பணுத் திரள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சப்தாலமிக் நியூக்ளியஸ். இரண்டு வழிகளும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கவர்ச்சியாகத் தெரியும்போது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி இந்தத் திரளுக்குச் செய்தி அனுப்புகிறது; இது கை கால்களுக்குப் போகும் கட்டளையைச் சற்றுப் பிடித்து வைக்கிறது. அதாவது, நிற்பது மூளைக்கு ஓய்வு இல்லை. செயலைத் தொடங்குவதைப் போலவே, தொடங்காமல் வைத்திருப்பதும் அது உழைத்துச் செய்யும் வேலை.

இதற்கு வலுவான ஆதாரம் பார்கின்சன் நோயாளிகளிடமிருந்து கிடைத்தது. நடுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் குறைப்பதற்காகச் சிலருக்கு இதே திரளில் மெல்லிய மின்கம்பி வைத்து மின்தூண்டல் கொடுப்பதுண்டு. மைக்கேல் ஃபிராங்க்கும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டல் நடந்துகொண்டிருந்தபோது அந்த நோயாளிகள், கடினமான தேர்வுகளில் நிதானிப்பதற்குப் பதிலாக வேகமாக முடிவெடுத்தார்கள் என்று தெரியவந்தது. நல்ல மனிதர்கள், புத்தி தெளிவாக இருப்பவர்கள். அந்தத் தடை மட்டும் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யவில்லை. அவசரப்படுபவரைக் குணக்கேடானவர் என்று நாம் எளிதில் திட்டிவிடுகிறோம். இந்த ஆய்வைப் படித்தபின் அப்படித் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

தடைக்கும் ஓர் எல்லை உண்டு. கோர்டன் லோகன், வில்லியம் கோவன் ஆகிய இருவரும் 1984-இல் விளக்கிய ஒரு சோதனை முறையில், திரையில் குறி தோன்றியவுடன் பொத்தானை அழுத்த வேண்டும்; இடையில் 'நிறுத்து' என்ற சைகை வந்தால் அழுத்தக் கூடாது. நலமுள்ள இளைஞர்களுக்கு, தொடங்கிவிட்ட கட்டளையை மூளை ரத்து செய்ய ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி வினாடி ஆகிறது. விரல் அழுத்துவதற்கு அந்த அளவு நேரம்கூட மீதமில்லாதபோது சைகை வந்தால், வேண்டாம் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் அழுத்திவிடும். பெர்லின் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது: தாமாகவே செய்ய நினைத்த ஓர் அசைவைக்கூட, அது தொடங்குவதற்கு ஏறத்தாழ 200 மில்லி வினாடி முன்புவரைதான் ரத்து செய்ய முடிந்தது. அதற்குப் பின் திரும்பி வர வழியில்லை. அந்த இடத்தைத் 'திரும்ப முடியாப் புள்ளி' என்று வைத்துக்கொள்வோம்.

## திரும்ப முடியாப் புள்ளியும் ஐந்து வினாடியும்

நிறுத்தத்தின் மதிப்பு முழுவதும் இந்தப் புள்ளிக்கு முன்னால் அது இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதை ஸ்ரீஹரிகோட்டாவைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நம் வட்டாரத்தில் வேறு இல்லை.

ராக்கெட் எஞ்சின்களில் இரண்டு வகை உண்டு. திரவ எரிபொருள் எஞ்சினுக்கு வால்வு இருக்கிறது. பற்றவைத்த பிறகும் வால்வை மூடி அணைத்துவிடலாம். திட எரிபொருள் அடுக்கு அப்படியில்லை. பற்றிவிட்டால் எரிந்து தீரும்வரை அதை யாராலும் நிறுத்த முடியாது. ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் நடுவில் திட எரிபொருள் அடுக்கும், அதைச் சுற்றி நான்கு திரவ எஞ்சின்களும் இருக்கின்றன. இவற்றைப் பற்றவைக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் திரவ எஞ்சின்கள் நான்கும் பற்றவைக்கப்படுகின்றன. ஏறத்தாழ ஐந்து வினாடி, அவை சரியான அளவு உந்துவிசை தருகின்றனவா என்று கணினி பார்க்கிறது. நான்கும் சரியாக இருந்தால் மட்டுமே நடுவிலிருக்கும் திட அடுக்குக்குத் தீ போகிறது. திரும்பி வரக்கூடிய செயலை முதலிலும், திரும்ப முடியாததைக் கடைசியிலும் வைத்து, இரண்டுக்கும் நடுவே பார்ப்பதற்கென்று ஓர் இடைவெளியை வடிவமைப்பிலேயே விட்டிருக்கிறார்கள்.

2001 மார்ச் 28 அன்று முதல் ஜி.எஸ்.எல்.வி. ஏவப்பட இருந்தபோது இந்த இடைவெளி தன் வேலையைச் செய்தது. திரவ எஞ்சின்கள் பற்றின. அவற்றில் ஒன்று தேவையான உந்துவிசையை எட்டவில்லை. கிளம்புவதற்கு ஏறத்தாழ ஒரு வினாடி இருக்கையில் கணினி எல்லாவற்றையும் அணைத்தது. ராக்கெட் ஏவுதளத்திலேயே நின்றது. கோளாறு சரிசெய்யப்பட்டு ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட் கிளம்பியது. அந்த ஐந்து வினாடி இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தீ வைத்திருந்தால், நாலில் ஓர் எஞ்சின் குறைவாக இயங்கும் நிலையில் ராக்கெட் மேலே ஏறியிருக்கும். பிறகு எந்த அறிவும் அதற்குப் பயன்பட்டிருக்காது.

2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 கிளம்ப 74 நிமிடம் இருக்கையில் இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு தெரிந்தது, நிறுத்தினார்கள். அது 2014 ஜனவரி 5 அன்று கிளம்பி, இந்தியாவிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு (மிகக் கடுமையாகக் குளிரூட்டித் திரவமாக்கிய எரிபொருளில் இயங்குவது) வெற்றி பெற்ற முதல் ஏவுதலாக அமைந்தது. 2023 அக்டோபர் 21 காலை, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் டி.வி.-டி1 சோதனையில் ஐந்து வினாடி இருக்கையில் கணினி நிறுத்தியது. காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து அன்றே 10 மணிக்கு ஏவினார்கள். ஒன்றில் நான்கரை மாதத்துக்கும் மேல், மற்றொன்றில் இரண்டு மணி நேரத்துக்குள். எவ்வளவு நேரம் நிற்பது என்பதை, எதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதுதான் தீர்மானித்தது.

ஆகவே ஒரு செயலுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதைச் செய்தபின் திரும்ப முடியுமா என்பதே. திரும்ப முடிகிற சிறு காரியங்களுக்கு நீண்ட நிறுத்தம் தேவையில்லை. செய்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். திரும்ப முடியாதவற்றுக்கு, அந்தப் புள்ளிக்குச் சற்று முன்னால் நிறுத்தம் இருந்தாக வேண்டும்.

## உடலின் அசைவின்மை

மூளை நிற்கச் சொன்னாலும் உடல் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அச்சமோ கோபமோ வந்தவுடன் சிறுநீரகங்களின் மேல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் பாய்வதற்குத் தயாராகின்றன. ஓடவோ தாக்கவோ வேண்டிய ஆபத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஒரு தாளில் கையெழுத்துப் போடலாமா என்று யோசிப்பதற்குப் பொருத்தமில்லாதது.

மூளையின் அடிப்பகுதியிலிருந்து இதயம்வரை செல்லும் வேகஸ் நரம்பு இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஓட்டோ லோவி 1921-இல் தவளையின் இதயத்தை வைத்துச் செய்த சோதனையில், இந்த நரம்பு ஒரு வேதிப்பொருளை விடுவித்துத்தான் துடிப்பைக் குறைக்கிறது என்று காட்டினார்; 1936-இல் அவருக்கு நோபல் பரிசு பங்கிட்டு அளிக்கப்பட்டது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடுவதும், வெளியே விடும்போது குறைவதும் இந்த நரம்பின் வழியாக நடப்பவை. கோபம் வந்தால் மூச்சை மெதுவாக விடு என்று பெரியவர்கள் சொல்வது மந்திரமும் இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. நீண்ட வெளிமூச்சு இதயத்தை மெதுவாக்கும், சற்று நேரம் கொடுக்கும். அந்த நேரத்தில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாவிட்டால் மூச்சு மட்டும் முடிவைத் திருத்திவிடாது.

அசையாமல் இருப்பது உயிரையே காக்கும் இடமும் ஒன்று உண்டு. ஏரிக்கரைக் கிராமங்களிலும் வயல்வெளிகளிலும் இருப்பவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பு கடித்தவுடன் கூடி நிற்பவர்கள் ஆளுக்கொன்று செய்யத் துடிப்பார்கள்: கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி இரத்தத்தை வெளியேற்றுவது, வாயால் உறிஞ்சுவது. இவை அனைத்தும் தீங்கு செய்பவை. நஞ்சின் பெரும்பகுதி முதலில் நிணநீர் நாளங்கள் வழியாகவே பரவுகிறது. நிணநீர் என்பது திசுக்களிலிருந்து வடிந்து இரத்தத்தோடு போய்ச் சேரும் நீர்மம். அதை ஓட்டுவதற்கு இதயத்தைப் போல ஓர் இறைப்பான் இல்லை, தசைகள் அசையும்போதுதான் அது பெரும்பாலும் நகர்கிறது. கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப்போல மட்டை வைத்து அசையாமல் வைத்தால் நஞ்சு பரவும் வேகம் குறையும். கடிபட்டவரை நடக்கவிட்டால் கூடும். ஆகவே அவரைப் படுக்க வைத்து, பயத்தைத் தணித்து, உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உண்டு. இங்கே அசைவின்மை கடிபட்டவருக்கு, விரைவு சுற்றி இருப்பவர்களுக்கு.

## நிற்க முடியாமல் போவது ஏன்

பாம்புக்கடியில் கூட்டம் எதையாவது செய்யத் துடிப்பதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. ஒன்றும் செய்யாமல் நின்றாய் என்ற பழி, தவறாகச் செய்துவிட்டாய் என்ற பழியைவிடக் கொடியதாகத் தோன்றுகிறது. இந்தச் சாய்வுக்குச் 'செயல் சார்பு' என்று பெயர்.

இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2007-இல் 286 பெனால்டி உதைகளை ஆராய்ந்தார்கள். உதைக்கப்பட்ட பந்தைத் தடுக்கக் கோல்கீப்பர்கள் 93.7 விழுக்காடு தடவை இடமோ வலமோ பாய்ந்தார்கள். பாயாமல் நடுவிலேயே நின்ற சில தடவைகளில் மூன்றில் ஒன்றைத் தடுத்தார்கள். இடப்புறம் பாய்ந்தபோது தடுத்தது 14.2 விழுக்காடு, வலப்புறம் பாய்ந்தபோது 12.6 விழுக்காடு. நடுவில் நின்ற தடவைகள் மிகக் குறைவு என்பதால் அந்த விகிதத்தை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஏன் பாய்கிறார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: பாய்ந்தும் கோல் விழுந்தால் முயன்றார் என்பார்கள், நின்று கோல் விழுந்தால் நின்று வேடிக்கை பார்த்தார் என்பார்கள்.

இந்தச் சாய்வைத் தெரிந்தே பயன்படுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற பெயரில் போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து மிரட்டும் மோசடிக்காரர்களின் உத்தியை உற்றுப் பாருங்கள். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, இப்போதே பணம் அனுப்ப வேண்டும் என்பார்கள். பணம் ஒருமுறை போய்விட்டால் மீட்பது மிகக் கடினம் என்பதால், அதுதான் திரும்ப முடியாப் புள்ளி. அதற்கு முன்னால் இருக்கும் எல்லா இடைவெளியையும் அவர்கள் அடைத்துவிடுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னாலே மோசடி வெளுத்துவிடும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்; அங்கே தாமதம் கூடாது. உங்களை நிற்கவிடாமல் ஒருவர் துரத்துகிறார் என்பதே ஒரு சான்று என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

## நிறுத்தத்தை முன்கூட்டியே வைப்பது

அட்ரினலின் ஏறிய பிறகு, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிற்க வேண்டும் என்று புதிதாக முடிவெடுப்பது யாருக்கும் கடினம். அதனால்தான் நிறுத்தம் தேவைப்படும் தொழில்களில் அதை முன்பே எழுதி வைத்துவிடுகிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் கவுன்ட்டவுனில் 20 நிமிடம் இருக்கையிலும் 9 நிமிடம் இருக்கையிலும் கடிகாரம் திட்டமிட்டே நிறுத்தப்பட்டது. யாரும் தைரியம் கொண்டு நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. அது தானாகவே நிற்கும், எல்லோரும் சரிபார்த்த பிறகுதான் மீண்டும் ஓடும்.

அறுவை சிகிச்சையில் இதற்குச் சமமானது உலக சுகாதார அமைப்பு 2008-இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல். தோலைக் கீறுவதற்குச் சற்று முன்னால் அறையிலுள்ள அனைவரும் நிறுத்தி, நோயாளி யார், எந்த இடத்தில், என்ன அறுவை என்பதை வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்தியபோது, மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2014-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இந்த இரண்டு முடிவுகளும் ஏன் வேறுபட்டன என்பது குறித்து மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. எல்லோரும் உண்மையாகவே நின்று பார்த்தார்களா, அல்லது கட்டங்களில் டிக் அடித்துவிட்டு நகர்ந்தார்களா என்பது அந்த விவாதத்தின் நடுவில் இருக்கும் கேள்வி. நிறுத்தம் சடங்காகிவிட்டால் அதில் சான்று எதுவும் சேராது. எடை போடுபவர் திரையைப் பார்க்காமல் சில வினாடி சும்மா நின்றதற்கு அது சமம்.

எழுதி வைக்காமலேயே தலைமுறையாகக் கற்று வைத்திருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் ஃபைபர் படகுகள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அலை உடையும் இடத்துக்கு இப்பால் சற்று நிற்பதைக் காணலாம். வேறுவேறு நீளமுள்ள அலைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், பிறகு சிறிய அலைகள் சில வரும். பெரிய கூட்டம் உடைந்து போகும்வரை படகோட்டி நிற்கிறார். சிறிய அலைகள் வரும் இடைவெளி திறந்தவுடன் ஒரு கணமும் வீணாக்காமல் முழு வேகத்தில் கடக்கிறார். பாதியில் மனம் மாறித் திரும்ப முயன்றால் படகு அலைக்குக் குறுக்கே போய்க் கவிழும். தயாராக இருப்பது, எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்திருப்பது, திரும்ப முடியாப் புள்ளிக்கு முன்னால் நிற்பது, எண் நின்றவுடன் கிளம்புவது ஆகிய நான்கும் அவருடைய அந்த ஒரு செயலில் அடங்கியிருக்கின்றன. இதைவிட நல்ல பாடம் எந்த ஆய்வகத்திலும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

வீட்டுக் காரியங்களுக்கும் இதே வழி பொருந்தும். நிலப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழை ஒரு முறை படிக்காமல் பேனாவை எடுப்பதில்லை என்று குடும்பத்தோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். இரவில் எழுதிய கோபமான செய்தியைக் காலையில் படித்த பிறகே அனுப்புவது என்று வைத்துக்கொள்ளலாம். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால், அந்த நேரத்தில் மன உறுதி என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை.

## நிற்கக் கூடாத இடம்

சான்று முழுமையாகக் கையில் இருந்து, ஒவ்வொரு வினாடியும் இழப்பாகும் இடங்களில் நிறுத்தம் தீங்கே செய்யும். ஒருவர் சரிந்து விழுந்து, தட்டி அழைத்தும் உணர்வில்லாமல், இயல்பாக மூச்சும் விடாமல் கிடந்தால், பார்ப்பதற்கு இன்னும் எதுவும் மீதமில்லை. உதவிக்கு ஆள் அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில் அழுத்தத் தொடங்க வேண்டும். அழுத்துவது நின்றால் மூளைக்குப் போகும் இரத்தமும் நின்றுவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவர் கை மாறும்போதும், மருத்துவமனையில் இதயத்தின் துடிப்பை மானிட்டரில் பார்க்கும்போதும், நிறுத்தாமல் இருக்க முடியாது. அந்த நிறுத்தத்துக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கும் உச்ச அளவு 10 வினாடி.